உதிர்வதற்கு முன்

"வலது கையால் வெட்டு, இடது கையை அடியில் ஏந்திக்கொள்." வடமேற்கு இத்தாலியில், பீட்மாண்ட் பகுதியிலுள்ள டோலியானியில் திராட்சை அறுவடைக்குப் போன முதல் நாள் காலையில் தோட்டத்துக்காரரான பெரியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். எந்தக் குலையை விட வேண்டும், எதைப் பறிக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, குலையைப் பிடித்து இழுத்தபடியே காம்பை வெட்டினேன். பொலபொலவென்று ஏழெட்டுப் பழங்கள் மண்ணில் உதிர்ந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சட்டையில் துடைத்துப் பெட்டிக்குள் போட்டார். எழுபதைத் தாண்டிய ஒருவர் எனக்காகக் குனிந்ததைப் பார்த்த பிறகு அந்த இரண்டு வாரமும் என் இடது கை குலைக்கு அடியிலேயே இருந்தது.

டொல்செட்டோ அப்படிப்பட்ட திராட்சை. பழுத்துவிட்டால் காத்திருக்காது. இரவில் குளிர் இறங்க ஆரம்பித்ததும் பழத்துக்கும் காம்புக்கும் உள்ள பிடிப்பு தளர்ந்துவிடும். கொஞ்சம் காற்றடித்தால் போதும், விடிகாலையில் கொடிக்கு அடியில் கருநீல மணிகள் சிதறிக் கிடக்கும். பழுக்கும்போது சில கொடிகளில் குலையின் காம்பும் சிவந்துவிடும். காம்பு சிவக்கும் வகையைத்தான் உயர்ந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். பெரியவர் ஒரு குலையைத் திருப்பி, பச்சைக் காம்பில் சிவப்பு எங்கே தொடங்கி எதுவரை ஏறியிருக்கிறது என்று நகத்தால் தொட்டுக் காட்டினார். அந்த நிறத்தை அதற்கு முன் நான் எந்தப் பழத்தின் காம்பிலும் பார்த்ததில்லை. உள்ளே விளக்கு வைத்தது போன்ற சிவப்பு.

அப்போது நான் டூரினில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். கையில் காசு குறைவு. செப்டம்பரில் அறுவடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, முறையான பருவகால ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் போனேன். டூரினிலிருந்து ரயிலில் ஃபொசானோ வரை போய் இறங்கினால், பெரியவர் தன் பழைய ஃபியட் பாண்டாவில் வந்து அழைத்துப்போவார். சமவெளி முடிந்து குன்றுகள் எழத் தொடங்கும் இடத்தில் லாங்கே ஆரம்பமாகிறது. வானம் தெளிந்த காலைகளில் மேற்கே மொன்விசோ மலை தெரியும். 3,841 மீட்டர் உயரமுள்ள அந்த முக்கோணத்தைப் பார்த்து, "இன்று மழை இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம்.

லாங்கே என்றதும் ஒயின் தெரிந்தவர்கள் வாயில் முதலில் வருவது பரோலோதான். நெப்பியோலோ திராட்சையிலிருந்து வரும் பரோலோவுக்கு நான் எதிரி இல்லை. நல்ல பரோலோவைக் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் பேச்சற்று உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெரிய பெயரின் நிழலில் டொல்செட்டோவை வைத்துப் பேசுகிற விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. டூரினில் ஒரு ஒயின் கடையில் டோலியானியின் டொல்செட்டோ பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்தபோது, அங்கே நின்ற கடைக்காரர், "அது பரோலோ வாங்க முடியாதவர்களுக்கு" என்றார். சட்டென்று பதில் வரவில்லை. பாட்டிலுக்குக் காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஆனால் அந்தச் சொல் நெடுநாள் உறுத்தியது. அவருக்கு அன்று சொல்ல நினைத்ததையெல்லாம்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் பெயர். டொல்ச்சே என்றால் இத்தாலியில் இனிப்பு. டொல்செட்டோ என்றால் குட்டி இனிப்பு என்று பொருள்படும். இதை நம்பி இனிப்பு ஒயின் என்று வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. ஒயினில் துளி இனிப்பு கிடையாது. கொடியில் பழுத்த பழம்தான் இனிக்கும். காரணம் சர்க்கரை மிகுதி என்பதைவிடப் புளிப்பு குறைவு என்பதுதான் சரி. பக்கத்து வரிசையில் இருந்த பர்பேரா என்ற இன்னொரு வகைத் திராட்சையையும் டொல்செட்டோவையும் பறித்து அடுத்தடுத்து வாயில் போட்டால் விளங்கிவிடும். பர்பேரா பல்லைக் கூசவைக்கும். டொல்செட்டோ தின்னத் தின்ன இன்னும் கேட்கும். பீட்மாண்ட் வட்டார மொழியில் சிறு குன்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் பழத்தைத் தின்றவள். எனக்கு முதல் விளக்கமே போதும்.

பெயர் பழையது. 1593ஆம் ஆண்டு டோலியானி ஊராட்சி ஓர் ஆணை போட்டது: அனுமதி பெறாமல் புனித மத்தேயு திருநாளுக்கு முன் யாரும் 'தொசெத்தி' திராட்சையைப் பறிக்கக் கூடாது. மத்தேயு திருநாள் செப்டம்பர் 21. நானூறு வருடத்துக்கு முன்பே இந்தப் பழத்துக்கென்று ஒரு நாள் குறித்து, காவல் போட்டிருக்கிறார்கள். நான் போன இரண்டு வருடங்களிலும் மத்தேயு திருநாள் வருவதற்கு முன்பே எங்கள் பெட்டிகள் நிரம்பிவிட்டன. வெயில் கூடிவிட்டது, பழம் முந்திக்கொள்கிறது. பெரியவரின் அப்பா காலத்தில் திருநாள் பூசை முடிந்து கத்தரிக்கோலை எடுப்பார்களாம். இப்போது பூசைக்குப் போகிறவர்களின் விரல்கள் ஏற்கெனவே கறுத்திருக்கின்றன.

அந்தக் குன்றுகளில் எது எங்கே வளர்கிறது என்பதிலேயே ஒரு படிநிலை உண்டு. தெற்குப் பார்த்த சரிவுக்கு அங்கே 'சொரி' என்று பெயர். சூரியன் நின்று காயும் இடம். பரோலோ பகுதியில் அந்த இடமெல்லாம் நெப்பியோலோவுக்கு. அது அக்டோபர் வரை பழுக்க நேரம் எடுத்துக்கொள்ளும், ஒவ்வொரு மணி வெயிலும் அதற்கு வேண்டும். டொல்செட்டோ அதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே பழுத்துவிடுவதால், மிச்சம் மீதியைக் கொடுத்தால் போதும் என்று வடக்குப் பார்த்த சரிவிலும், குளிர்ந்த மேட்டிலும் அதை நட்டார்கள். பிறகு, "இதில் ஆழம் இல்லையே" என்று குறையும் சொன்னார்கள்.

டோலியானியிலும், ஆல்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் தியானோவிலும் கதை வேறு. அங்கே நல்ல சரிவு டொல்செட்டோவுக்குத்தான். தியானோவில் ஒவ்வொரு சொரிக்கும் தனிப்பெயர் உண்டு. எந்தச் சரிவு எங்கே முடிகிறது என்று வரையறுத்து, அந்தப் பெயரைப் பாட்டிலில் போடுகிறார்கள். கிழக்கே ஒவாதாவில் இதே திராட்சை இன்னும் முரடான, வருடக்கணக்கில் வைக்கத்தக்க ஒயினைத் தருகிறது. மலையைத் தாண்டி லிகூரியாவுக்குள் போனால் அதே கொடிக்கு ஒர்மெயாஸ்கோ என்று பெயர். நான் அங்கெல்லாம் அதிகம் சுற்றியதில்லை, என் பழக்கம் டோலியானியோடுதான்.

பெரியவரின் தோட்டம் சிறியது. வெளுத்த சுண்ணாம்புக் களிமண். மழை பெய்தால் காலணியோடு ஒட்டிக்கொண்டு வரும், காய்ந்தால் பாளம் பாளமாகப் பிளக்கும். பறித்த பழத்தை இருபது கிலோ பிடிக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்குவோம். விளிம்பு வரை நிரப்பக் கூடாது. மேல் பெட்டியின் பாரம் கீழ்ப் பெட்டியின் பழத்தில் இறங்கினால் தோல் கிழிந்து, ஒயின் செய்யும் கொட்டகைக்குப் போய்ச் சேருமுன் சாறு நொதிக்கத் தொடங்கிவிடும். நான்கு விரல் இடைவெளி விட வேண்டும். மதியத்துக்குள் பறிப்பதை நிறுத்திவிடுவோம்.

குடிக்க எளிதான ஒயின் என்று இதைச் சொல்கிறார்கள். சொல்லட்டும், உண்மைதான். ஆனால் செய்யவும் எளிது என்று நினைப்பவர்கள் அக்டோபரில் ஒருநாள் அந்தக் கொட்டகைக்குள் வந்து நிற்க வேண்டும்.

டொல்செட்டோவின் தோலில் நிறம் அபரிமிதமாக இருக்கிறது. தொட்டியில் போட்ட இரண்டாம் நாளே சாறு மை போல ஆகிவிடும். ஆகவே நிறத்துக்காகத் தோலை நெடுநாள் ஊறவைக்கத் தேவையில்லை. ஊறவைக்கவும் கூடாது, ஏனென்றால் இதில் துவர்ப்பும் அதிகம். விதையிலிருந்தும் துவர்ப்பு இறங்க விட்டுவிட்டால் நாக்கில் மண் பூசியது போலாகிவிடும். புளிப்பு குறைவான பழம் என்பதால், அந்தத் துவர்ப்பைச் சமன்செய்ய உள்ளே வேறு எதுவும் இல்லை. பெரியவரின் மகள்தான் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறாள். என் வயதுதான் இருக்கும். ஐந்தாம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஒரு கிளாஸ் பிடித்து வாயில் வைத்துப் பார்ப்பாள். கடிகாரத்தையும் காகிதத்தையும் பார்த்ததைவிட அவள் கன்னத்தை உள்ளிழுத்துப் பார்த்ததுதான் அதிகம். அந்த வருடம் ஏழாம் நாள் மாலை, சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகு திடீரென்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இப்போதே தோலிலிருந்து சாற்றை இறக்க வேண்டும்" என்றாள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எல்லோரும் போனோம். இரவு பதினொன்று வரை வேலை.

இன்னொரு தொல்லையும் உண்டு. நொதிக்கும்போதும் அதற்குப் பிறகும் டொல்செட்டோவுக்குக் காற்று வேண்டும். மூடியே வைத்தால் மூச்சுமுட்டியது போல் ஆகி, அழுகிய முட்டை வாடை அடிக்கத் தொடங்கும். அப்படி ஒரு காலை வாடை வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இத்தனை நாள் பறித்ததெல்லாம் போயிற்று என்றே நினைத்தேன். அவள் பதறவில்லை. "காற்றுக் காட்டினால் சரியாகிவிடும்" என்று சொல்லி, தொட்டியின் கீழ்க்குழாயைத் திறந்து, அகன்ற தொட்டி ஒன்றில் ஒயினை உயரத்திலிருந்து விழவிட்டாள். செங்கருநீல நுரை பொங்கி எழுந்தது. முதல் பத்து நிமிடம் கொட்டகை முழுக்க அந்த வாடை. அதன்பின் மெல்ல, ஒரு திரை விலகுவது போல, செர்ரிப் பழ வாசனை. அதற்கு அடியில் ஈரமான ஊதாப் பூ போன்ற ஏதோ ஒன்று. நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன். அவள் மூன்று முறை அதை மேலே ஏற்றி மறுபடி விழவிட்டாள். என் கைகளில் ஏறிய கறை டூரினுக்குத் திரும்பிய பிறகும் ஒரு வாரம் போகவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் எல்லோரும் என் நகங்களையே பார்த்தார்கள்.

ஒயின் ஆயத்தமானதும் மரப்பீப்பாய்க்குப் பெரும்பாலும் போவதில்லை. எஃகுத் தொட்டியிலோ சிமெண்ட் தொட்டியிலோ குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, அடுத்த வருடமே பாட்டிலுக்கு வந்துவிடும். பரோலோ வெளியே வர 38 மாதம் ஆக வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அத்தனை நாளும் ஒரு குடும்பம் எப்படிச் சாப்பிடும்? டொல்செட்டோ விற்ற பணத்தில். லாங்கேயின் பல வீடுகளில் நெப்பியோலோ காத்திருக்க முடிந்தது டொல்செட்டோ முந்திக்கொண்டு சம்பாதித்துக் கொடுத்ததால்தான். அந்தக் கடைக்காரரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதில் இது முக்கியமானது.

இரண்டாம் வருடம் நடுவில் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. வேலை இல்லை. ஊருக்குள் இருக்கும் நூலகத்துக்குப் போனேன். அந்தச் சிற்றூருக்கு அப்படியொரு நூலகம் இருக்கும் என்று நினைத்திருக்கவில்லை. கட்டடக் கலைஞர் புரூனோ செவி வடிவமைத்தது, பதிப்பாளர் ஜூலியோ எய்னாவ்தி தன் அப்பாவின் நினைவாக 1963இல் ஊருக்குக் கொடுத்தது. அந்த அப்பா லூயிஜி எய்னாவ்தி, பொருளாதார அறிஞர், 1948 முதல் 1955 வரை இத்தாலியின் குடியரசுத் தலைவர். பக்கத்து ஊரான கர்ரூவில் பிறந்தவர். 1897இல், இருபத்து மூன்று வயதில், டோலியானியில் சான் ஜாக்கொமோ என்ற பண்ணையை வாங்கி டொல்செட்டோ வளர்த்தார். ரோமில் குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்த காலத்திலும் அந்தத் தோட்டத்தின் மேல் அவருக்கிருந்த கண் போகவில்லை. டோலியானியிலேயே அடக்கமானார். அவர் குடும்பத்தின் பெயரில் இன்றும் ஒயின் வருகிறது. இதை இரவுச் சாப்பாட்டில் நான் பெரிய செய்தி போலச் சொன்னபோது பெரியவர், "என் தாத்தாவும் அவரும் ஒரே நாற்றங்காலில் கன்று வாங்கினார்கள்" என்றார், ரொட்டியை வெட்டிக்கொண்டே.

டோலியானி ஒயினுக்கு 2005இல் இத்தாலியின் மிக உயர்ந்த சான்றான டி.ஓ.சி.ஜி. தகுதி வந்தது, முதலில் 'சுப்பீரியோரே' என்ற மேல்தர வகைக்கு மட்டும். 2011லிருந்து எல்லாம் ஒரே பெயரின் கீழ், வெறும் டோலியானி. பாட்டிலின் முகத்தில் டொல்செட்டோ என்ற சொல் இருக்காது. பரோலோவில் நெப்பியோலோ என்று எழுதுவதில்லையே, நாங்கள் மட்டும் ஏன் என்பது அவர்கள் வாதம். அதிலுள்ள பெருமிதம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் டொல்செட்டோ என்று கேட்டு வருகிறவர் அந்தப் பாட்டிலைக் கடந்து போய்விடுகிறார். எழுதியிருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பெரியவரின் மகளுக்கும் எனக்கும் இதில் தீராத வழக்கு உண்டு.

எப்படிக் குடிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டே விஷயம் சொல்வேன். சாப்பாட்டோடு குடியுங்கள். கொஞ்சம் குளிர்ச்சியாக, பதினாறு டிகிரி போலக் குடியுங்கள். ஒரு ஜூலை மாலை டூரினில் ஓர் உணவகத்தில் சமையலறை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். வெதுவெதுப்பாக இருந்தது. சாராய நெடி மட்டும் மூக்கில் ஏறியது, பழம் எங்கோ போய்விட்டது. உடன் வந்த தோழி அதுதான் டொல்செட்டோ என்று நினைத்துக்கொண்டாள். அவள் மனத்தை மாற்ற இன்னொரு பாட்டிலும் ஒரு பனி வாளியும் தேவைப்பட்டன.

சரியாக வந்தால் முதல் வாய்க்குக் கறுத்த செர்ரியும் பிளம்ஸும். நடுவில் துவர்ப்பு நாக்கின் ஓரங்களைப் பிடிக்கும். விழுங்கிய பிறகு கசப்பு பாதாமின் தோலைக் கடித்தது போன்ற ஒரு சின்னக் கசப்பு. அந்தக் கடைசிக் கசப்புதான் எனக்கு உயிர். அது அடுத்த வாய்ச் சோற்றைக் கேட்கவைக்கிறது. முட்டை மஞ்சள் மட்டுமே சேர்த்துப் பிசைந்த தாயரின் என்ற மெல்லிய நூடுல்ஸ், கிள்ளி மடித்த பிளின் என்ற பூரணம் வைத்த பாஸ்தா, உப்பிட்டு உலர்த்திய சலாமி, எது வந்தாலும் கூடப்போகும். எதன் மேலும் ஏறி உட்காராது.

நான் வேலை பார்த்த தோட்டத்துக்குக் கீழே பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு டொல்செட்டோச் சரிவு இருந்தது. இப்போது அது ஹேசல்நட் தோப்பு. கொடிகளை வேரோடு பிடுங்கி ஒரு மூலையில் குவித்திருந்ததைப் பார்த்தேன். முறுக்கிய கறுத்த கட்டைகள், சிலது என் தொடைப் பருமன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஹேசல்நட் மரத்தில் காய் உதிர்வதுதான் அறுவடை, தரையிலிருந்து இயந்திரம் அள்ளிக்கொள்ளும். குனிய ஆள் வேண்டாம், வருடத்துக்குப் பத்து முறை கொடிக்குள் நுழைந்து இலை கிள்ள வேண்டாம். நெப்பியோலோ நட அனுமதியுள்ள இடங்களில் டொல்செட்டோவைப் பிடுங்கிவிட்டு நெப்பியோலோ வைக்கிறார்கள், விலை பல மடங்கு. நான் கொட்டகையில் நேரடியாக வாங்கும் டோலியானி ஒன்பது யூரோ. அந்த ஒன்பது யூரோவுக்குள் எத்தனை முறை கை ஏந்தியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதால் பாட்டிலைத் திறக்கும்போது அவசரப்பட முடிவதில்லை. லாங்கே உள்ளிட்ட பீட்மாண்டின் திராட்சைக் குன்றுகளை 2014இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் உள்ள ஆறு பகுதிகளில் டோலியானி இல்லை. பரோலோ இருக்கிறது, பார்பரெஸ்கோ இருக்கிறது, பர்பேராவுக்கும் ஓர் இடம் உண்டு.

இப்போது டூரினிலேயே வேலை. அறுவடைக்குப் போக விடுப்பு கிடைப்பதில்லை. ஆனால் நவம்பர் 2ஆம் தேதியைத் தவறவிடுவதில்லை. அன்று டோலியானியில் புனிதர் சந்தை. கொண்டைக்கடலையும் மாட்டுக் குடலும் போட்ட சிஸ்ரா என்ற சூப்பைப் பெரிய பெரிய அண்டாக்களில் இரவெல்லாம் கொதிக்கவைத்து, விடியும்போதே வரிசையில் நிற்பவர்களுக்கு ஊற்றுவார்கள். மூடுபனியில் அண்டாவின் ஆவி எது, பனி எது என்று தெரியாது. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் விரலுக்கு உயிர் வரும். பக்கத்தில் ஒரு கிளாஸ் போன வருட டொல்செட்டோ. காலை ஏழு மணிக்கு ஒயினா என்று முதல் வருடம் தயங்கினேன். குடலின் கொழுப்பையும் மிளகையும் அந்தத் துவர்ப்பு ஒரே வாயில் துடைத்துவிட்டுப் போனதும் தயக்கம் போயிற்று.

போன நவம்பரில் பெரியவர் கைத்தடியோடு வந்திருந்தார். முட்டி தேய்ந்துவிட்டது, சரிவில் இறங்க முடிவதில்லை. ஒரு குளிர்பானப் பாட்டிலில் அந்த வருடத்துப் புது ஒயினைக் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இன்னும் தெளியாமல் கலங்கலாக, நாக்கில் லேசாகச் சுருக்கென்றது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "காற்றுக் காட்டினீர்களா?" என்று கேட்டேன். "இரண்டு முறை" என்றார். "இன்னொரு முறை காட்டலாம்" என்றேன். மகளைப் பார்த்து, "நான் சொன்னேனே" என்றார்.

பட்டுப்போன கொடிகளை எடுத்துவிட்டு மேல் வரிசையில் நானூறு டொல்செட்டோக் கன்று வைத்திருக்கிறார்களாம். மூன்றாவது வருடம்தான் பறிக்க வரும். அந்த செப்டம்பரில் எப்படியாவது ஒரு வாரம் விடுப்பு எடுத்து வா என்றார். கத்தரிக்கோல் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நீ பிடித்த கத்தரிக்கோல் கொட்டகைக் கதவுக்குப் பின்னால் அதே ஆணியில்தான் தொங்குகிறது என்றார்.